இடது கை, வலது கை

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் ஒரேகுத்து அக்கா. முதல் தடவை கேட்பவர்கள் யாரோ அடிதடிப் பேர்வழி என்று நினைத்துக்கொள்வார்கள். ரத்தம் எடுக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்தால்தான் விஷயம் புரியும். ஒரே ஒரு தடவைதான் குத்துவாள், ரத்தம் வந்துவிடும். இரண்டாவது தடவை குத்தினாள் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒரு ஆள்கூட வந்து புகார் சொன்னதில்லை.

அந்த அறையில் மூன்று நாற்காலிகள். மூன்றிலும் ரெக்ஸின் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்கும். கை நீட்டி வைக்க ஒரு பலகை, பக்கத்தில் சிவப்பு மூடி, ஊதா மூடி, நீல மூடி என்று குழாய்கள் நிறுத்திய தட்டு, ஸ்பிரிட் வாசனை, காலுக்கடியில் தவறி விழுந்த பஞ்சு உருண்டைகள். மற்ற இரண்டு நாற்காலியும் காலியாக இருந்தாலும் ஜனங்கள் அசையமாட்டார்கள். "அக்காகிட்டயே எடுத்துக்கிறோம், நாங்க இருக்கோம்" என்று சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். அங்கே ரத்தம் எடுக்கும் மற்ற இரண்டு பேருக்கும் வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய? குழந்தைகள் வார்டில் நரம்பு கிடைக்கவில்லை என்றால் டாக்டரே ஆள் அனுப்பி அவளைத்தான் கூப்பிடுவார்.

இதைக் கைராசி என்று எல்லோரும் சொன்னார்கள். கைராசி இல்லை, விரல். இடது ஆள்காட்டி விரலின் நுனி. தோலுக்கடியில் நரம்பு எங்கே ஓடுகிறது, எங்கே வளைகிறது என்று அந்த நுனிக்குத் தெரியும். கையுறை போட்டால் தெரியாது. ஆகவே காலையில் வந்ததும் புதுக் கையுறையை எடுத்து, அந்த ஒரு விரல் நுனியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டுத்தான் மாட்டிக்கொள்வாள். ஸ்பிரிட் தடவித் துடைத்த இடத்தை, குத்துவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை அந்த வெறும் விரலால் தொட்டுப் பார்ப்பாள். அதில்தான் அவளுடைய முழு வித்தையும் இருந்தது. அதிலேதான் வினையும் இருந்தது என்று சொல்ல அப்போது ஆள் இல்லை. இருந்தார், சொல்லவும் செய்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொன்னவர் மாடியில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவர். கிருமி வளர்த்துப் பார்ப்பதுதான் அவர் வேலை என்பதால் கிருமி சார். சிரிக்கத் தெரியாத மனிதர். வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுப்பவர்களையெல்லாம் கூட்டிவைத்து வகுப்பு எடுப்பார்.

"மத்த டெஸ்டுக்கு ஒரு குத்து போதும். ஆனா என்ன காய்ச்சல்னு தெரியாம ஒருத்தர் படுத்துக்கிடந்தா, ரத்தத்துல கிருமி இருக்கான்னு வளத்துப் பாக்கணும். அதுக்கு மட்டும் ரெண்டு கையிலயும் தனித்தனியாக் குத்தி, ரெண்டு பாட்டில்ல எடுக்கணும். ஏன்? எல்லார் தோல் மேலயும் கிருமி இருக்கு. அது பாட்டுக்கு அங்க குடியிருக்கும், ஒண்ணும் பண்ணாது. ஆனா ஊசியோட சேந்து பாட்டிலுக்குள்ள வந்துட்டா என்கிட்ட வளரும். அது ரத்தத்துலேர்ந்து வந்துச்சா, தோல்லேர்ந்து வந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கை பாட்டில்ல மட்டும் வளந்தா தோல்னு தள்ளிடுவேன். ரெண்டு கையிலயும் ஒரே கிருமி வளந்தா ரத்தம்னு நம்பிடுவேன். நான் நம்புறதுக்கு உங்க லேபிளத் தவிர வேற ஆதாரம் இல்ல. அப்புறம், துடைச்ச இடம் தானாக் காயணும். காஞ்சப்பறம் தொடக்கூடாது."

அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குத் தெரியும். தெரிந்து என்ன? காய்ச்சலில் துவண்டு கிடக்கும் குழந்தையின் ஒரு கையில் குத்தி, அது அழுது அடங்குவதற்குள் இன்னொரு கையைப் பிடிக்க அவளுக்கு மனசு வராது. கிருமி சார் மாடியில் பாட்டிலைப் பார்க்கிறார், நான் கீழே முகத்தைப் பார்க்கிறேன் என்பாள். ஒரே குத்தில் பெரிய சிரிஞ்சு நிறைய ரத்தம் எடுப்பாள். அதைப் பாதி பாதியாக இரண்டு பாட்டிலில் விடுவாள். ஒன்றில் 'இடது கை' என்று எழுதுவாள், இன்னொன்றில் 'வலது கை' என்று எழுதுவாள். எழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

எல்லோருக்கும் இப்படிச் செய்ததில்லை. முடியாதவர்களுக்கு, பயந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்றுதான் ஆரம்பித்தது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் முடியாதவர்களும் பயந்தவர்களும் இல்லாமல் வேறு யார் வருவார்கள்? "நீங்க நல்லா இருக்கணும்மா" என்று அவர்கள் சொல்லும்போது அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். இரக்கம் நல்லதுதான். பாராட்டு கிடைக்கும் இரக்கத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவளுக்குக் கல்யாணம் ஆகி, ஆன வேகத்திலேயே முறிந்தது. இருந்த ஒரே உறவு தங்கை. ஆறு வயது இளையவள். இரண்டு தெரு தள்ளி வீடு. தங்கையின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு வயதில் ஒரு பெண். தங்கைக்குச் சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்து, அது நெஞ்சுக்குள் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அதற்காக மாசாமாசம் இடுப்பில் ஊசி, வருடக்கணக்கில். ஊசி நாளன்று கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாள். ஒரு தடவை நர்ஸின் கையைக் கடித்தே விட்டாள். அக்கா இந்த வேலைக்கு வந்ததற்கே அதுதான் காரணம் என்று தங்கை எல்லோரிடமும் சொல்வாள். "எனக்கு வலிக்காமக் குத்த ஒரு ஆள் வேணும்னு எங்க அக்காவப் படிக்க வச்சேன்" என்பது அவளுடைய பழைய ஜோக்.

அந்தத் தங்கைக்குத்தான் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாளாக விட்டு விட்டு அடித்தது. சாயங்காலமானால் குளிர் எடுத்து உடம்பு தூக்கிப் போட்டது. வீட்டில் காய்ச்சல் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, "சரியாப் போயிடும்க்கா" என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் அக்கா விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தாள்.

டாக்டரம்மா நெஞ்சில் குழலை வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பிறகு அக்காவை வெளியே அழைத்துப் பேசினார்.

"வால்வுல கிருமி உக்காந்திருக்குன்னு சந்தேகம். என்ன கிருமின்னு தெரிஞ்சா அதுக்கான மருந்தக் குடுத்துக் காப்பாத்திடலாம். நல்லவேளை, இதுவரைக்கும் கிருமி மருந்து எதுவும் உள்ள போகல. ஒரு டோஸ் போயிட்டா அப்புறம் பாட்டில்ல ஒண்ணும் வளராது. இப்ப எடுக்குற ரத்தம்தான் நமக்குப் பேசும். அதனால முதல்ல ரெண்டு கையிலயும் எடுத்துடுங்க. எடுத்ததும் மருந்து ஆரம்பிச்சிடுறேன்."

"நானே எடுக்கிறேன் மேடம்" என்றாள் அக்கா. வேறு யார் எடுப்பார்கள்?

ஜன்னலோரக் கட்டில். தங்கை அக்காவின் கையிலிருந்த தட்டைப் பார்த்ததுமே போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ஒரு தடவதான?"

"ஒரே தடவதான்."

"சத்தியமா?"

"என் பேரே அதுதான்டி."

தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினாள். காய்ச்சலில் நரம்பெல்லாம் உள்ளே போய் ஒளிந்திருந்தது. அக்கா ரப்பர் பட்டையைக் கட்டி, துடைத்து, காய்வதற்குப் பொறுக்காமல் வெறும் விரல் நுனியால் அழுத்தித் தேடினாள். அங்கே இல்லை. இன்னும் கொஞ்சம் உள்பக்கம். கிடைத்தது. விரலை எடுத்த அதே இடத்தில் ஊசி இறங்கியது. தங்கை கண்ணை மூடியபடி, "எப்பக்கா குத்தப் போற?" என்று கேட்டபோது சிரிஞ்சில் பாதி நிறைந்திருந்தது.

இரண்டு பாட்டில்களிலும் ரத்தத்தைப் பகிர்ந்து விட்டாள். முதல் பாட்டிலில் 'இடது கை' என்று எழுதி நேரம் போட்டாள். இரண்டாவது கையில் அரைமணி நேரம் கழித்து எடுக்க வேண்டும் என்பது விதி. பொய் எழுதுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டாமா? அரைமணி நேரம் தங்கையின் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தாள். மகளின் பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக்காரியின் வாய், மெக்கானிக் சட்டைப் பையில் ஸ்குரூவைப் போட்டு வைத்து வாஷிங் மெஷினைக் கெடுத்த கதை என்று இரண்டு பேரும் பேசினார்கள். அரைமணி ஆனதும் கடிகாரத்தைப் பார்த்து, இரண்டாவது பாட்டிலில் 'வலது கை' என்று எழுதி, சரியான நேரத்தைப் போட்டு, இரண்டையும் தானே மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மருந்து ஏற ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் காலையில் கிருமி சார் அவளைத் தேடிக்கொண்டு கீழே வந்தார். அவர் கீழே வந்து யாரும் பார்த்ததில்லை.

"உங்க தங்கச்சி பாட்டில் ரெண்டும் வளந்திருக்கு. தோல்ல இருக்குற வகைதான். சாதாரணமா இத நான் கண்டுக்கமாட்டேன். ஆனா ரெண்டு கையிலயும் அதே கிருமி. கெட்டுப்போன வால்வுல இதுவும் உக்காரும். எடுத்தது வேற யாராவதா இருந்தா மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன். நீங்க எடுத்தது, அதனால ரத்தத்துல இருக்குறதுதான்னு எழுதிட்டேன். டாக்டரம்மாகிட்ட சொல்லியாச்சு, மருந்த மாத்துறாங்க."

வாழ்நாளில் அந்த மனிதர் வாயிலிருந்து வந்த ஒரே பாராட்டு அது. அக்கா "சரி சார்" என்றாள். அவர் படியேறிப் போனார். அடுத்த சீட்டுக்காரர் வந்து நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அந்த நிமிஷத்தில் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். 'சார், அது ரெண்டு கை இல்ல, ஒரு கை' என்று ஏழெட்டு வார்த்தை. அவள் சொல்லவில்லை. எனக்கு அவள் மேல் கோபம் வருவது அந்தக் குத்துக்காக இல்லை, இதற்காகத்தான். இருபத்திரண்டு வருடத்துப் பேர் அந்த ஏழெட்டு வார்த்தையில் போய்விடும். வேலை போகலாம். அதோடு ஒரு சப்பைக்கட்டும் மனசுக்குள் தயாராக இருந்தது. ஒருவேளை நிஜமாகவே அந்தக் கிருமிதானோ என்னவோ? இடது கை ரத்தமும் வலது கை ரத்தமும் ஒரே உடம்பில் ஓடுவதுதானே? மருந்து வேலை செய்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நாளைக்குப் பார்க்கலாம், நாளன்னைக்குப் பார்க்கலாம் என்று நான்கு நாள் போனது.

சேர்த்த அன்று ஆரம்பித்த பழைய இரண்டு மருந்தை நிறுத்திவிட்டு, லேபிளை நம்பிப் புது மருந்து ஒன்று மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. பழைய மருந்தில் தணிந்திருந்த காய்ச்சல் மறுபடியும் ஏறியது. தங்கைக்குப் படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதம் வீங்கிப்போய், செருப்பு நுழையாமல் வெறுங்காலோடு பாத்ரூமுக்குப் போய்வந்தாள். ஏழாம் நாள் அதைப் பார்த்த அக்கா, கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடிக்கு ஏறினாள்.

சொன்னாள். கிருமி சார் கேட்டுக்கொண்டிருந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எத்தன வருஷமா இப்படிப் பண்றீங்க?"

"தெரியல சார். ரொம்ப வருஷமா."

அவருடைய கண் அவள் கையுறைக்குப் போனது. வெட்டிய நுனியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரலைப் பார்த்தார். அலமாரியில் வரிசையாக அடுக்கியிருந்த பழைய ரிஜிஸ்டர்களைப் பார்த்தார். அவருடைய கையெழுத்தில் 'ரத்தத்தில் உள்ளது' என்று எழுதிய பக்கங்கள் அதில் எத்தனை இருக்கும்? யார் யார் அவர்கள், என்ன ஆனார்கள்? அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இப்பவே போய் மறுபடி எடுங்க. ரெண்டு கையிலயும். மருந்து உள்ள போயிடுச்சு, வளருமான்னு தெரியாது. இருந்தாலும் எடுங்க. நான் டாக்டரம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."

முழுக் கையுறை மாட்டிக்கொண்டு அக்கா கட்டிலருகே வந்தாள். இடது கையில் துடைத்து, காயும்வரை நின்று, தொடாமல் குத்தினாள். கிடைத்தது. தங்கை கையை மடக்கிக்கொண்டு படுத்தாள். அக்கா சுற்றிக்கொண்டு கட்டிலின் அந்தப் பக்கம் வந்தாள்.

"இன்னொண்ணா?"

"ஆமா."

"நீ எப்பவும் ஒண்ணுதானக்கா குத்துவ?"

"பேசாம கையக் காட்டு."

ஏன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அழுதுவிடுவோம் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டாள். ரப்பருக்குள் விரல் குருடாகிப் போயிருந்தது. ஊசி இறங்கியும் ரத்தம் வரவில்லை. எடுத்துவிட்டு மறுபடி குத்தினாள். தங்கை அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில்களை எடுத்துக்கொண்டு அக்கா திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

பரிசோதனைக் கூடத்தில் அந்த பாட்டில்களை வைக்கும் மெஷின் ஒரு பீரோ மாதிரி இருக்கும். உள்ளே இதமான சூடு. ஒவ்வொரு குழியிலும் ஒரு பாட்டில். கிருமி வளர்ந்தால் அந்தக் குழியின் விளக்கு எரியும். அக்கா காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, வேலை முடிந்து ஒரு தடவை போய் அதன் முன்னால் நின்றாள். எந்தக் கிருமியும் ஆஸ்பத்திரியில் யாருக்கும் வரக்கூடாது என்று நினைக்கிறவள், தன் தங்கை ரத்தத்தில் ஒன்றாவது வளரட்டும் என்று ஏங்கிக்கொண்டு நின்றாள். சுற்றியிருந்த குழிகளில் யார் யாருக்கோ விளக்கு எரிந்தது. அந்த இரண்டு குழியிலும் எரியவில்லை. தங்கையைப் போய்ப் பார்க்க அவளுக்கு முகம் இல்லை. வார்டு வாசல்வரை போவாள், கதவின் கண்ணாடி வழியாகத் தலையணைகளைப் பார்ப்பாள், திரும்பி மெஷினிடமே வந்துவிடுவாள்.

டாக்டரம்மா பழைய மருந்துகளையும் புதியவற்றையும் சேர்த்து இருட்டில் கல்லெறிகிற மாதிரி கொடுத்துப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வால்வை மாற்றலாமா என்று கேட்டதற்கு, இந்த உடம்பு தாங்காது என்று அறுவைச் சிகிச்சைக்காரர்கள் கைவிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த பத்தாம் நாள் வால்விலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து மூளைக்குப் போனது. வாய் கோணி, பேச்சு நின்றது. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் தங்கை இறந்தாள். அன்று காலையில்தான் இரண்டாவது பாட்டில்களின் ரிப்போர்ட் வந்திருந்தது. ஐந்து நாள் வைத்துப் பார்த்ததில் வளர்ச்சி எதுவும் இல்லை.

கிருமி சார் நடந்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தார். மேலதிகாரி அக்காவைக் கூப்பிட்டு, துக்கத்தில் இருக்கிறவளை என்ன சொல்வது என்று தெரியாமல், இனிமேல் கவனமாக இருக்கச் சொன்னார். அவ்வளவுதான். பதினைந்து நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தபோது அவள் நாற்காலி முன்னால்தான் வரிசை நீளமாக நின்றது.

அந்த வாரக் கடைசியில் தங்கையின் புருஷன் அவள் வீட்டுக்கு வந்தார். மடியில் ஆஸ்பத்திரி ஃபைல். லிஃப்ட் எதனால் நின்றது என்று தெரியாமல் ஒரு கட்டடத்தைவிட்டு வெளியே வராத மனிதர். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"அண்ணி, கடைசி வரைக்கும் என்ன கிருமின்னு இதுல எழுதல. பொண்ணு கேக்குறா, அம்மா எதுல செத்தாங்கன்னு. ஒரு பேராவது சொல்லுங்க, போய்ச் சொல்றேன்."

அக்கா சொன்னாள். விரல் நுனியை வெட்டியதிலிருந்து, ஒரு குத்து, இரண்டு பாட்டில், அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிய நேரம், சொல்லாமல் விட்ட நான்கு நாள் வரை எதையும் விடவில்லை. தெரிந்திருக்க வேண்டிய பேர் அந்த முதல் ரத்தத்தில்தான் இருந்தது, அதை நான்தான் கெடுத்தேன் என்றாள். அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

அவர் ஃபைலின் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்.

"எங்களுக்கும் அப்படித்தான் அண்ணி. லிஃப்ட் மேல ஏறி ஒரு தடவ பாக்கணும், கீழ இறங்கி ஒரு தடவ பாக்கணும், ரெண்டு கையெழுத்து. சில நாள் மேல மட்டும் பாத்துட்டு ரெண்டையும் போட்டுடுவோம். இதுவரைக்கும் எதுவும் அறுந்து விழல. அதான் வித்தியாசம்."

எழுந்து வாசல்வரை போனார். செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க கடைசியா ரெண்டு கையிலயும் குத்துனீங்கள்ல, அன்னைக்கு சாயங்காலம் அவ அழுதா. மூணு குத்து குத்திட்டு ஒரு வார்த்த பேசாமப் போயிட்டா, அக்காவுக்கு என்மேல என்ன கோவம்னு என்கிட்ட கேட்டா. நான் என்னத்தக் கண்டேன், நாளைக்கு வந்தா நீயே கேளுன்னு சொன்னேன். மூணு நாளும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தா, நீங்க உள்ள வரல. அதுக்குள்ள பேச்சு போயிடுச்சு."